கறுப்புக் கோலி

எண்பத்தாறைக் கூப்பிட்டாகிவிட்டது. என்னுடைய எண் நூற்றுப் பன்னிரண்டு. இடையில் செத்தவர்கள், மகன் வீட்டோடு சென்னைக்குப் போய்விட்டவர்கள், இன்று வராதவர்கள் எல்லாம் போக எனக்கு முன்னால் இன்னும் பதினான்கு பேர். ஆளுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் இருபத்தொரு நிமிடம் இந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும், அதற்குள் காலையில் குளிக்கும்போது எடுத்த முடிவைப் புத்தி நூறு தடவை புரட்டிப் பார்க்கும், பார்க்கட்டும், முடிவு மாறப் போவதில்லை. திருச்சி கன்டோன்மென்ட், ஜூபிலி கிளப்பின் பெரிய கூடம், ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து பத்து. நாற்பத்தொரு பேர் வந்திருக்கிறோம், ஒரே ஒரு விண்ணப்பத்துக்காக: டாக்டர் ஸ்டெல்லா லூர்துசாமி, வயது முப்பத்தெட்டு, கண் மருத்துவர், உறுப்பினராகச் சேர விரும்புகிறார். செயலாளர் நடேசமூர்த்தி பொதுப்பணித் துறையில் பாலம் கட்டி ஓய்வு பெற்றவர், சிமெண்டு மூட்டையை எண்ணும் குரலில் எண்களைக் கூப்பிடுகிறார். கூப்பிட்டவர் எழுந்து கூடத்தின் கோடியிலுள்ள மேசைக்குப் போக வேண்டும், அங்கே அவர் கையில் ஒரு வெள்ளைக் கோலியும் ஒரு கறுப்புக் கோலியும் வைக்கப்படும். மரக் கோலிகள், நாவல்பழம் அளவு. மேசைமேல் இரண்டு பெட்டி, இரண்டின் வாயிலும் முழங்கைவரை கையை விழுங்குகிற தோல் உறை, வலது பெட்டி ஓட்டுக்கு, இடது பெட்டி மிச்சக் கோலிக்கு. அந்த ஆள் வேண்டும் என்றால் வெள்ளையை வலதில் போட்டுக் கறுப்பை இடதில் தள்ள வேண்டும், வேண்டாம் என்றால் மாற்றி. எல்லோரும் போட்ட பிறகு வலது பெட்டியைத் திறந்து தட்டில் கொட்டுவார்கள். அதில் இரண்டு கறுப்பு இருந்தால் விண்ணப்பம் அதோடு சரி. முப்பத்தொன்பது வெள்ளை இருந்தாலும் சரி. நூறு வருஷமாக இதுதான் முறை, இதில் என் வெள்ளைக் கோலிக்கு என்ன மதிப்பு என்று யோசித்துப் பார்த்தால் ஒன்றுமில்லை, காலையில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதுதான் அது உறைத்தது, முப்பது வருஷம் இந்த மேசைக்குப் போய் வந்தவனுக்கு அறுபத்தேழு வயதில் உறைத்தது, வெள்ளை போடுகிறவன் எதுவும் செய்வதில்லை, கறுப்பு போடுகிறவன்தான் செய்கிறான்.

சட்டைப்பையில் மடித்து வைத்த தாள் நெஞ்சில் குத்துகிறது. கிளப்பின் நூற்றாண்டு மலருக்கு இரண்டு பக்கம் எழுதச் சொன்னார் தலைவர் குலசேகரன். "தணிகாசலம் சார், எலைட்னு நம்ம வாசல் போர்டுல இருக்கு, லெட்டர்பேடுல இருக்கு, அந்த வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சு, என்ன அர்த்தம், படிச்சா நம்மாளுங்களுக்குப் பெருமையா இருக்கற மாதிரி எழுதிக் குடுங்க." நாளிதழில் முப்பத்தாறு வருஷம் கேட்ட அளவுக்குக் கேட்ட நேரத்துக்குள் எழுதிக் கொடுத்தவன், இந்த இரண்டு பக்கம் ஒரு மாதமாக முக்கால் பக்கத்தில் நிற்கிறது. பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது, தேர்ந்தெடுக்கப்பட்டது என்று பொருள். அதற்கும் முன்னால் லத்தீன், வெளியே பொறுக்கியெடு என்று பொருள், தேர்தலுக்கு ஆங்கிலத்தில் சொல்கிற சொல்லும் அதே வேரில் வந்ததுதான். நடுக்கால ஆங்கிலத்தில் அது, தேர்ந்தெடுத்தாகிவிட்டது ஆனால் இன்னும் பதவியேற்கவில்லை என்கிற நிலையில் இருக்கும் பிஷப்பைக் குறித்ததாம், அதாவது வாசலில் நிற்கிற ஆளை, பிறகுதான் உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு ஆகிவந்தது. இதுவரை எழுதிவிட்டேன். அதற்கு மேல் என்ன எழுதுவது, நான் முதன்முதலில் அந்தச் சொல்லைப் பார்த்தது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில், எழுத்தில் இரண்டு அளவு உண்டு, பைக்கா பெரியது, எலைட் சின்னது, அங்குலத்துக்குப் பன்னிரண்டு எழுத்து அடங்கும், அதையா எழுதுவது. அதைத் தமிழ் எழுத்தில் முதன்முதலில் பார்த்தது மதுக்கடைப் பலகையில், ஏசி போட்ட கடைக்கு எலைட் கடை என்று பெயர் வைத்திருந்தார்கள், அதை எழுதினால் குலசேகரன் அடித்துவிடுவார். நம்மிடம் பொறுக்குமணி என்று ஒரு சொல் இருக்கிறது, விதைக்கென்று தேர்ந்து எடுத்து வைத்த மணி, லத்தீனுக்கு அச்சாக அதுதான், ஆனால் பொறுக்கியை ஞாபகப்படுத்துகிற எதையும் இந்தக் கிளப்பின் மலரில் போட முடியாது. செய்தி மேசையில் நாங்கள் போட்டது பிரமுகர். வடமொழியில் முகத்தை முன்னால் வைத்தவர், முன் நிற்பவர். திருமணமோ இழவோ திறப்பு விழாவோ, ஊர்ப் பிரமுகர்கள் கலந்துகொண்டனர் என்று ஒரு வரி, பிறகு வரிசையாகப் பெயர்கள், கடைசியில் மற்றும் பலர். அந்தப் பெயர் வரிசையில் யார் முன்னால் யார் பின்னால் என்பதற்கு எத்தனை தொலைபேசி, எத்தனை கோபம். மற்றும் பலர் மட்டும் ஒருநாளும் தொலைபேசியில் கூப்பிட்டதில்லை. பிரமுகர் என்றால் முன்னால் முகம் வைத்தவர் என்று எழுதினேன், எழுதிவிட்டு அந்தத் தோல் உறையை நினைத்தேன், உறைக்குள் கையை விட்டுச் செய்கிற காரியத்துக்கும் முகத்துக்கும் என்ன சம்பந்தம், அங்கேதான் பேனா நின்றது, முக்கால் பக்கத்தில்.

தொண்ணூற்றொன்று. நாற்காலியை இழுத்துக்கொண்டு குலசேகரன் பக்கத்தில் வந்து உட்காருகிறார். இரண்டு தியேட்டர் வைத்திருந்தார், இப்போது இரண்டும் கல்யாண மண்டபம். பாக்கு வாசனையோடு காதருகில் வருகிறார். "நீங்க தாராளமா வெள்ளை போடுங்க சார். உங்களுக்குச் சங்கடம் வேணாம், அவ அப்பன் உங்க ஃபிரெண்டுன்னு எனக்குத் தெரியும். நமக்கு ரெண்டு கெடச்சாச்சு." நமக்கு என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. "அந்தப் பொண்ணுக்கு என்ன குறைச்சல்?" என்று மட்டும் கேட்டேன். "குறைச்சலா? யாரு சொன்னா? என் சம்சாரத்துக்கு ரெண்டு கண்ணும் அவதான் பண்ணினா. கைராசிக்காரி. காசு கூட அதிகம் வாங்கல. அது வேற சார், இது வேற. அவ வருவா, அவ அப்பன் கெஸ்டுன்னு வருவான், அவன் பின்னாடி பொன்மலைக் காலனியே வந்து நீச்சல் குளத்துல எறங்கும். தகுதி இருந்தாப் போதுமா, ஒரு பழக்கம் வேணும்ல." பழக்கம் என்கிறார். நான் சிரித்தேன். அது என் பழக்கம், எதிரில் இருப்பவர் என்ன சொன்னாலும் மறுக்காமல் சிரிப்பது, பேட்டி எடுத்து எடுத்து வந்தது, மறுத்தால் ஆள் பேசுவதை நிறுத்திவிடுவான், சிரித்தால் இன்னும் கொஞ்சம் சொல்வான். இந்தச் சிரிப்பை வைத்துத்தான் நான் இந்தக் கூடத்துக்குள் வந்தேன். தொண்ணூற்று நான்கில் என் பெயரை முன்மொழிந்தார்கள், நிருபர் ஒருவர் கூடவே இருந்தால் கிளப் விழாக்கள் பத்திரிகையில் வரும் என்று கணக்கு, அப்போதைய தலைவர் காபி கொடுத்துக்கொண்டே கேட்டார், "அப்பா என்ன பண்ணினார்?" ரயில்வேயில் இருந்தார் என்றேன். "ஆபீசரா?" என்றார். நான் சிரித்தேன். அவ்வளவுதான். நான் பொய் சொல்லவில்லை, பொன்மலை ஒர்க்ஷாப்பில் பாய்லர் பிரிவில் என் அப்பா கலாசி, இரும்புத் தகட்டைத் தோளில் சுமந்தவர், நான் அதைச் சொல்லவில்லை, அவர் தன் பாட்டுக்கு ஒரு ஆபீசரை நினைத்துக்கொண்டார், இந்தக் கூடம் முழுவதும் முப்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறது.

அந்த ஆபீசரைக் காப்பாற்றத்தான் தொண்ணூற்றெட்டில் கறுப்பு போட்டேன். இதை மனசுக்குள் இத்தனை நேராகச் சொல்லிக்கொள்ளவே இருபத்தாறு வருஷம் ஆகியிருக்கிறது. லூர்துசாமி அப்போது பெயரெடுத்த வக்கீல், தொழிலாளர் வழக்கு, ஜமால் முகமது கல்லூரிப் பக்கம் ஆபீஸ், வாசலில் எப்போதும் இருபது சைக்கிள் நிற்கும். அவன் அப்பாவும் என் அப்பாவும் ஒரே பாய்லர் பிரிவு, ஒரே வரிசை வீடு, சங்கு ஊதினால் இரண்டு வீட்டிலிருந்தும் ஒரே மாதிரித் தூக்குவாளி வெளியே வரும். அவன் மனுப் போட்டிருக்கிறான் என்று அறிவிப்புப் பலகையில் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி, அதை நான் யாரிடமும் சத்தியம் செய்து சொல்வேன், இரண்டாவதாக வந்தது, இவன் இந்தக் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே, நாலு பேர் நடுவில், அவனுக்கே உரிய உரத்த குரலில், டேய் தணிகா, உங்கப்பாவும் எங்கப்பாவும் ஒரே தகட்டுக்குத் தோள் குடுத்தாங்கடா என்று சொல்வான் என்பது. சொல்வான், நிச்சயம் சொல்வான், பெருமையாகச் சொல்வான். மேசைக்குப் போகும்வரை வெள்ளைதான் போடப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உறைக்குள் கை போனதும் விரல் வேறு முடிவு எடுத்தது என்று பல நாள் சொல்லிக்கொண்டேன், விரல் எடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன். ஒரு கறுப்பு ஒன்றும் செய்யாது, இரண்டு வேண்டும், யார் இன்னொன்று போடப் போகிறார்கள், என் பயத்துக்கு நான் ஒரு கோலி போட்டுக்கொள்கிறேன், அவன் உள்ளே வரட்டும், இப்படியும் ஒரு கணக்கு அந்த ஒன்றரை நிமிடத்துக்குள் ஓடியது. தட்டில் கொட்டினார்கள். இரண்டு கறுப்பு.

இதுவரைகூட ஒருவன் தன்னை மன்னித்துக்கொண்டு போய்விடலாம். பிறகு நடந்ததுதான். கோலிகளை எண்ணிப் பலகையில் எழுதுவதற்கு முன் எல்லோருக்கும் டீ கொடுத்தார்கள், ஓய்வு பெற்ற தாசில்தார் அப்பாதுரை என் பக்கத்தில் வந்து நின்றார், இரண்டு கண்ணிலும் புரை, சாஸரில் டீயை ஊற்றுவதற்குப் பதில் தன் வேட்டியில் ஊற்றிக்கொள்கிற அளவுக்குப் புரை. "ஏம்ப்பா, ஓட்டுப் பெட்டி இடதுதானே? நம்ம லூர்துக்குப் போட்டுட்டேன். எங்க நிலத் தகராறுல நல்லாப் பேசினான், நல்ல பையன்" என்றார். அவர் வெள்ளையை இடதில் போட்டுவிட்டு மிச்சக் கறுப்பை வலதில் போட்டிருக்கிறார். இந்தக் கூடத்தில் அப்போது அதை அறிந்தவன் நான் ஒருவன். நான்கு எட்டு நடந்து செயலாளரிடம், தாசில்தார் பெட்டி மாற்றிப் போட்டுவிட்டார் என்று சொல்லியிருந்தால் மறுபடி ஓட்டு எடுத்திருப்பார்கள், என் ஒற்றைக் கறுப்பு தட்டில் தனியாகக் கிடந்திருக்கும், லூர்து உள்ளே வந்திருப்பான். நான் தாசில்தாரிடம், ஆமாம் சார் இடதுதான் என்றேன். என்றேனா, அல்லது சிரித்தேனா, அதில் இன்னும் சந்தேகம் இருக்கிறது, இரண்டும் ஒன்றுதான். அப்பாதுரை இரண்டாயிரத்து மூன்றில் செத்தார், அவர் இரங்கல் செய்தியை நான்தான் எழுதினேன், ஊர்ப் பிரமுகர் என்று போட்டேன். ஓட்டெடுத்த அன்று சாயங்காலமே லூர்து என் ஆபீசுக்கு வந்தான், எதிர்த்த கடையில் டீ வாங்கிக் கொடுத்தான், அவன்தான் எனக்கு வாங்கிக் கொடுத்தான். "ரெண்டு பேருக்கு என்னைப் புடிக்கல, அவ்வளவுதானே. நாப்பது பேருக்குப் புடிச்சிருக்கே, அதப் பாரு. நீ மூஞ்சியத் தொங்கப் போடாதடா" என்றான். என்னைத் தேற்றினான். ஐந்து வருஷம் கழித்து மறுபடி மனுப் போடலாம் என்று விதி இருந்தது, அவன் போடவில்லை, நான் போடச் சொல்லவும் இல்லை.

நூற்று இரண்டு. நடுவில் ஆறேழு எண்களுக்கு ஆளே இல்லை. இப்போது விதி. மலரில் போடுவதற்குக் கிளப்பின் சட்டவிதிகளைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார்கள், போன மாதம் உட்கார்ந்து எழுதினேன், அறுபத்திரண்டு விதி, அவற்றில் முப்பத்தொன்றாவதை நான் அதற்கு முன் படித்ததில்லை, வேறு யாரும் படித்திருப்பார்கள் என்றும் தோன்றவில்லை. ஓட்டுப் போடுகையில் எந்த உறுப்பினராவது தன் கோலியைப் பிறர் காணும்படி காட்டினால் அந்த வாக்கெடுப்பு செல்லாது. விண்ணப்பத்தை அதே கூட்டத்தில் கைதூக்கும் முறையில் வைத்துப் பெரும்பான்மைப்படி முடிவு செய்ய வேண்டும். காட்டிய உறுப்பினர் அந்தக் கணமே உறுப்பினர் உரிமையை இழப்பார். எழுதும்போது ஒன்றும் தோன்றவில்லை, மொழிபெயர்ப்பவன் கண்ணில் வினைச்சொல்தான் படும். இன்று காலை லூர்து தொலைபேசியில் கூப்பிட்டான். "தணிகா, பாப்பா ஃபார்ம் இன்னைக்கு வருதாமே. நீ இருக்கேல்ல, பாத்துக்க." அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை, உடனே மழை பெய்ததா என்று பேச்சை மாற்றினான். நீ இருக்கேல்ல. போன வாரம் ஸ்டெல்லாவும் சொன்னாள், "எனக்கு உங்க கிளப்பெல்லாம் வேணாம் அங்கிள், அந்த நீச்சல் குளம்தான் வேணும். ஆறு மணி நேரம் மைக்ராஸ்கோப்புல குனிஞ்சு குனிஞ்சு கழுத்து போச்சு. இன்னும் ரெண்டு வருஷம் இப்படியே போனா கத்தியத் தூக்க முடியாதுன்னு ஆர்த்தோ சொல்லிட்டார்." அப்பாவுக்கு நேர்ந்தது அவளுக்குத் தெரியாது, லூர்து வீட்டில் அதைச் சொன்னதே இல்லை. வெள்ளை போட்டால் குலசேகரன் சொன்ன இரண்டு கறுப்பும் ஜெயிக்கும். கையைத் திறந்து காட்டினால் வாக்கெடுப்பு செல்லாது, ஒவ்வொருவரும் முகத்தோடு கை தூக்க வேண்டியிருக்கும். இரண்டில் ஒன்று. மூன்றாவது கிடையாது.

ஆனால் புத்தி மூன்றாவதைத் தேடுகிறது. எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் ஸ்டெல்லாவைப் பற்றிப் பேசலாமே என்கிறது. பேசலாம், கைதட்டுவார்கள், பிறகு உறைக்குள் கையை விடுவார்கள். குலசேகரனைத் தனியே கூட்டிப் போய்க் கெஞ்சலாமே என்கிறது. அவர் சரி என்பார், பாக்கை இன்னொரு கன்னத்துக்கு மாற்றுவார். உடம்பு சரியில்லை என்று இப்போதே எழுந்து வீட்டுக்குப் போகலாமே என்கிறது, இதைத்தான் அது உண்மையாகச் சொல்கிறது, மற்றதெல்லாம் இதற்கு முன்னுரை. வீட்டுக்குப் போய் என்ன செய்வது. சீனிவாச நகரில் இரண்டு அறை, மனைவி சரோஜினி போய் ஆறு வருஷம், பையன் பெங்களூரில், ஞாயிறுதோறும் பத்து நிமிடம் வீடியோவில் வருவான். இந்தக் கிளப்பின் வாசிப்பு அறையில் ஏழு பத்திரிகை வரும், ஜன்னல் ஓரம் மூன்றாவது நாற்காலி, நாலரைக்குப் போனால் சர்க்கரை குறைவாக ஒரு காபி கேட்காமலே வரும், நாலு பேர் சார் என்பார்கள், இன்றைய தலைப்பில் பிழை பார்த்தீர்களா என்று நான் காட்டுவேன். ஒரு நாளில் நான் ஆளாக இருக்கிற மூன்று மணி நேரம் அதுதான். அந்தக் கணமே உறுப்பினர் உரிமையை இழப்பார் என்று நானே எழுதினேன், கணமே என்கிற சொல் மூலத்தில் இல்லை, உடனடியாக என்று இருந்ததை வேகம் வேண்டும் என்று நான் போட்டது. நாளைக்கு நாலரைக்கு எங்கே போவேன், கலெக்டர் ஆபீஸ் ரோட்டில் நடப்பேனா, பூங்காவில் உட்கார்ந்து முழங்காலைப் பற்றிப் பேசுகிறவர்களோடு உட்காருவேனா. அது ஒரு பயம். அதற்கு அடியில் இன்னொன்று, இதைச் செய்தால் ஏன் செய்தாய் என்று கேட்பார்கள், ஏன் என்றால் லூர்து, லூர்து என்றால் பொன்மலை, பொன்மலை என்றால் கலாசி. அறுபத்தேழு வயதில் அப்பா கலாசி என்று தெரிந்தால் என்ன ஆகிவிடும். ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாத ஒன்றுக்காக ஒருவனை வாசலில் நிறுத்தினேன் என்பதுதான் சகிக்க முடியாதது, பெரிய ஆபத்து ஏதாவது இருந்திருந்தால்கூட ஒரு நியாயம் இருந்திருக்கும். காபியில் சர்க்கரை குறைவாக வருவதற்காக. ஜன்னல் ஓரத்து நாற்காலிக்காக. புத்தி மறுபடி தாசில்தாரிடம் போகிறது, அவர் வேட்டியில் டீக்கறை, அவர் புரைக் கண், ஆமாம் சார் இடதுதான், அங்கே போய் முள்ளில் துணி மாட்டிய மாதிரி மாட்டிக்கொள்கிறது, இழுத்தால் கிழிகிறது. இழுக்கட்டும். கிழியட்டும்.

"நூத்திப் பன்னெண்டு. தணிகாசலம் சார்." எழுந்திருக்கும்போது முழங்கால் சொடுக்குகிறது. கூடத்தின் சிவப்புத் தரையில் இருபத்திரண்டு எட்டு. மேசைக்கு அந்தப் பக்கம் நடேசமூர்த்தி டப்பாவிலிருந்து இரண்டு கோலி எடுத்து என் இடது கையில் வைத்து என் விரல்களை அவரே மடக்குகிறார், அவ்வளவு ஒழுங்கு. கோலிகள் முந்தையவர் கைச்சூட்டோடு இருக்கின்றன என்று தோன்றியது, அப்படி இருக்க வாய்ப்பில்லை, டப்பாவிலிருந்து எடுத்தவை. நான் உறைக்குள் கையை விடவில்லை. கூடத்தைப் பார்க்கத் திரும்பினேன். வெள்ளையை வலது கையின் இரண்டு விரலில் எடுத்து, ஜவுளிக்கடையில் பொத்தான் காட்டுகிறவன்போல, முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்தேன். "டாக்டர் ஸ்டெல்லாவுக்கு என் ஓட்டு" என்றேன். நடேசமூர்த்தி மெதுவாக, "சார், உள்ள வெச்சுப் போடணும் சார்" என்றார், நான் மறந்துபோய்விட்டேன் என்றே நினைத்தார். "விதி முப்பத்தொண்ணு எடுத்துப் படிங்க" என்றேன். அவர் கைப்பையிலிருந்து சிவப்பு அட்டைப் புத்தகத்தை எடுத்தார், மூக்குக்கண்ணாடியைத் தேடினார், படித்தார், மறுபடி முதலிலிருந்து படித்தார், பிறகு பாலத்தில் விரிசல் கண்ட முகத்தோடு எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினார். குலசேகரன் எழுந்தார். "இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்து ரூல்." "கோலியும் அவன் காலத்ததுதான் சார்" என்றார் பின்வரிசையில் யாரோ, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். "சட்டத்துல இருக்கறதச் செஞ்சுதான் ஆகணும்" என்றார் நடேசமூர்த்தி, அவருக்கு எந்தப் பக்கமும் இல்லை, எழுதியது எழுதியபடி நடக்க வேண்டும், அவ்வளவுதான், நான் அந்த மனிதரை நம்பித்தான் இதில் இறங்கினேன் என்பது அவருக்குத் தெரியாது. என் பக்கம் திரும்பி, "நீங்க இனிமே உக்காரக் கூடாது சார். நிக்கலாமான்னு ரூல்ல ஒண்ணும் சொல்லல" என்றார். "நிக்கிறேன்" என்றேன்.

ஆதரிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார். முதலில் நான்கு கை. பிறகு பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து ஒன்பது, பதினைந்து. கை தூக்காதவர்கள் தூக்கியவர்களைப் பார்க்கிறார்கள், தூக்கியவர்கள் தூக்காதவர்களைப் பார்க்கிறார்கள், இந்தக் கூடத்தில் நான் இதுவரை பார்த்திராத ஒரு பார்வை அது, நிருபர் பழக்கத்தில் எண்ணிக்கொண்டே வந்தேன், இருபத்தாறு, முப்பது. முப்பத்தொன்பது பேர் கண்ணும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் குலசேகரன் மேல் வந்து நின்றது, அவர் மனைவி கண்ணை யார் பண்ணினார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வலது கையால் மூக்கைச் சொறிந்தார், சொறிந்த கை இறங்காமல் காதுவரை போயிற்று, அங்கிருந்து இன்னும் கொஞ்சம். நடேசமூர்த்தி அதையும் எண்ணினார். முப்பத்து நான்கு. எதிர்க்கிறவர்கள் என்றதும் ஒரே ஒரு கை, மருந்துக் கடை சிவப்பிரகாசம், கூசாமல் நன்றாகவே தூக்கினார். "எனக்கு அந்தம்மா மேல ஒண்ணுமில்ல. நடுவுல முறைய மாத்துறது எனக்குப் புடிக்கல. சொல்லிட்டேன்." அவர் கையை நான் மரியாதையோடு பார்த்தேன். குலசேகரன் பேசி வைத்த இரண்டு பேர் யார் என்று தெரியவில்லை, முப்பத்து நான்கில் இருந்தார்களோ, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஐந்து பேரில் இருந்தார்களோ. விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று பலகையில் எழுதினார்கள். அடையாள அட்டையை மேசைமேல் வைத்தேன், மலருக்கான தாளையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன், முக்கால் பக்கம்தான், மீதியை வேறு யாராவது எழுதட்டும். போர்ட்டிகோ வரை குலசேகரன் கூடவே வந்தார். "எதுக்கு சார் இந்த வேல? வெள்ளை போட்டுட்டுப் பேசாம இருந்திருக்கலாம்ல? அந்த லூர்து உங்களுக்கு அப்படி என்ன பண்ணினான்?" "அவன் ஒண்ணும் பண்ணல. எங்கப்பாவும் அவன் அப்பாவும் பொன்மலைல ஒரே செக்ஷன். ரெண்டு பேரும் கலாசி." குலசேகரன் என்னைப் பார்த்தார், பாக்கை மெல்வதை நிறுத்திப் பார்த்தார். "அதுக்கு என்ன சார்?" என்றார். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

ஆட்டோவில் கிராப்பட்டிக்கு, லூர்து வீட்டுக்குப் போகச் சொன்னேன். ஸ்டெல்லாவுக்கு நல்ல சேதி போய்ச் சேர்ந்திருக்கும், நடேசமூர்த்தி உடனே கூப்பிட்டிருப்பார். அதை அனுபவித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம், நாளைக்குச் சொல்லலாம், லூர்து சந்தோஷமாக இருக்கிற நாளில் எதற்கு, இதெல்லாம் மேம்பாலம் ஏறும்போது வந்தது, இறங்கும்போதும் இருந்தது. இன்று செய்ததை முதலில் சொல்லி, அவன் மனம் குளிர்ந்திருக்கும்போது பழையதை இரண்டாவது பத்தியில் வைக்கலாம் என்றும் வந்தது. கூடாது. முப்பத்தாறு வருஷம் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான், எது முக்கியமோ அது முதல் வரியில் வர வேண்டும், யார், என்ன, எப்போது. வழி முழுக்க அந்த ஒரு வரியைத் திருத்திக்கொண்டே போனேன், விழுந்தது என்பதை எடுத்துவிட்டுப் போட்டேன் என்று வைத்தேன், தெரியாமல் என்பதை எடுத்தேன், பயத்தில் என்பதையும் எடுத்தேன். லூர்து வாசல் விளக்கைப் போட்டுவிட்டு கேட் அருகிலேயே நின்றிருந்தான், லுங்கி, மேலே துண்டு. "வாடா, வாடா. பாப்பா இப்பத்தான் கூப்பிட்டா. என்னமோ கையத் தூக்கிக் காட்டினியாமே, அந்த எஞ்சினியர் சொன்னாராம், என்னடா கூத்து அது? உள்ள வா, உக்காந்து சொல்லு." கேட்டின் கொக்கியில் கை வைத்தான். "சொல்லிட்டு வர்றேன்" என்றேன். "தொண்ணூத்தெட்டுல உனக்கு எதிரா ஒரு கறுப்பு நான் போட்டேன் லூர்து. இன்னொண்ணு அப்பாதுரை பெட்டி மாறிப் போட்டது, அது அன்னைக்கே எனக்குத் தெரியும், தெரிஞ்சும் நான் சொல்லல." அவன் முகத்தைப் பார்த்தேன், தரையைப் பார்க்கவில்லை. கொக்கியில் வைத்த அவன் கை தூக்கவும் இல்லை, விடவும் இல்லை. நான் சிரிக்கவில்லை. ஆட்டோக்காரர் பின்னாலிருந்து, "சார், வெயிட்டிங்கா, போகவா?" என்றார். "நீங்க போங்க" என்று அவருக்குச் சொல்லிவிட்டு கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.